ஏலம் போனது ரூ.9,700... கைக்கு வருவது ரூ.7,183!
பழைய காசு, பழைய கடிகாரம் விற்கப் போகும் ஏற்காட்டுக்காரர்கள் கவனத்துக்கு

ஏற்காடு மலையில் பழைய பொருளுக்குப் பஞ்சம் இல்லை.

1820-ல் இருந்து 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இந்த மலைக்குக் காபிச் செடியைக் கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் தோட்டம் போட்ட வெள்ளைக்காரர்கள், பங்களா கட்டினார்கள், சர்ச் கட்டினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள். போகும்போது எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு போகவில்லை.

சுவர்க் கடிகாரம், கிராமபோன், பித்தளை விளக்கு, காபிக்கொட்டை அரைக்கும் கை மிஷின், தபால்தலை ஒட்டிய கவர், விக்டோரியா ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய்... பட்லர் வீட்டிலும், ரைட்டர் வீட்டிலும், பரணிலும், டிரங்குப் பெட்டியிலும் இவை எல்லாம் தங்கிவிட்டன.

முன்பு இவற்றைப் பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்கு எடுத்துப் போவார். வெள்ளி என்றால் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய், உருகிக் கொலுசாகிவிடும்.

இப்போது கையில் செல்போன். போனில் ஏலம். "இதே காசு பத்தாயிரத்துக்குப் போயிருக்கு" என்று பேரன் படத்தைக் காட்டுகிறான். பாட்டி டிரங்குப் பெட்டியைத் திறக்கிறாள்.

பத்தாயிரத்துக்குப் போனது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் விற்றவர் கைக்கு எவ்வளவு போனது என்பதைப் போனில் யாரும் போடுவது இல்லை.

கணக்கு

பேச்சுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கமிஷன் ஏல நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இங்கே எடுத்துக்கொண்டது ஒரு மாதிரி மட்டும்.

பழைய ரூபாய் நாணயம் ஒன்று. அதற்கு 12 ஆயிரம் வரை கொடுக்கத் தயாராக மும்பையில் ஒருவர் இருக்கிறார். அவர் 12 ஆயிரம் என்று ஏலம் கேட்பாரா? மாட்டார். ஏலம் எடுத்தவர் தனியாக ஒரு கமிஷன் கட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அது நூற்றுக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கமிஷன் மீது 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு.

ஆகவே அவர் பின்னால் இருந்து கணக்குப் போடுகிறார். 9,700 ரூபாயோடு நிறுத்திக்கொள்கிறார். 9,700-க்குக் கமிஷன் 1,940. அதற்கு வரி 349. மொத்தம் 11,989. அவர் பட்ஜெட் சரியாகிவிட்டது.

இதில்தான் முதல் சூட்சுமம். "அது வாங்குகிறவர் கொடுக்கும் கமிஷன், நமக்கு என்ன?" என்று விற்பவர் நினைக்கிறார். அந்தப் பணமும் அவருடைய விலையில் இருந்துதான் போயிருக்கிறது. கமிஷன் இல்லாவிட்டால் அதே ஆள் அதே காசுக்கு 12 ஆயிரம் நேரடியாகக் கொடுத்திருப்பார்.

இனி விற்பவர் பக்கம். அவருக்கும் கமிஷன் உண்டு. நூற்றுக்கு 15 என்றால் 1,455 ரூபாய். அந்தக் கமிஷனுக்கு ஜி.எஸ்.டி. 262. மீதி 7,983.

போட்டோ எடுக்க, பட்டியலில் சேர்க்க 250 என்று வைப்போம். மீதி 7,733. பெட்டி கட்டி, இன்சூரன்ஸ் செய்து அனுப்ப 400. மீதி 7,333. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் போய்த் திரும்ப பஸ், டீ, டிபன் 150.

கைக்கு வந்தது 7,183.

வாங்கியவர் பையில் இருந்து போனது 11,989. விற்றவர் பைக்கு வந்தது 7,183. நடுவில் 4,806 ரூபாய் கரைந்து போச்சு. இதில் ஒரு பைசா கூடத் திருட்டு இல்லை. எல்லாம் ரசீதோடு போன பணம். பொருள் மீது விழும் ஜி.எஸ்.டி.யை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. நூறு வருடம் தாண்டிய பழம்பொருட்களுக்கு அது 12 சதவீதமாக இருந்து, 2025 செப்டம்பரில் 5 ஆகக் குறைந்தது.

பாட்டியின் டிரங்குப் பெட்டியில் இருந்து வந்த காசு என்றால் 7,183-ம் லாபம்தான். ஊர் ஊராய்ப் போய்ப் பழைய சாமான் வாங்கி விற்பவர் கதை வேறு. அவர் அந்தக் காசை 6 ஆயிரம் கொடுத்து வாங்கியிருந்தால், லாபம் 1,183.

திரும்பி வந்தால்?

ஏலத்துக்கு அனுப்பிய எல்லாமே விற்றுவிடாது. "இந்த விலைக்குக் கீழே கொடுக்காதே" என்று சொல்லி அனுப்பினால், கேட்பார் இல்லாமல் திரும்பி வரும். போட்டோ செலவு 250, போக 400, வர 400. ஆக 1,050 ரூபாய் தண்டம்.

மேலே சொன்ன வியாபாரிக்கு ஒரு காசு விற்று, ஒரு காசு திரும்பி வந்தால், இரண்டுக்கும் சேர்த்து மிச்சம் 133 ரூபாய். அலைந்த கூலி அதில் சேராது.

பணமும் உடனே வராது. வாங்கியவர் பணம் கட்ட வேண்டும், பொருள் போய்ச் சேர வேண்டும், "பிடிக்கவில்லை, போலி" என்று தகராறு வராமல் இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் செக்.

மலையில் காபித் தோட்டம் வைத்திருந்த பெரியவர்களுக்கு இது புதிது அல்ல. ஒரு காலத்தில் விளைந்த காபியை எல்லாம் காபி போர்டின் 'பூல்' கணக்கில் ஒப்படைக்க வேண்டும். போர்டு ஏலம் விடும். தோட்டக்காரருக்குப் பணம் தவணை தவணையாக வரும். ஏல விலை ஒன்று, கைக்கு வரும் விலை வேறு. 1990-களில் அந்த முறை படிப்படியாகப் போய், 1996-ல் முழுவதும் ஒழிந்தது. பேரன்மாருக்கு அந்த அனுபவம் இல்லை.

புளி போட்டுத் தேய்த்தால்...

நம் வீடுகளில் ஒரு பழக்கம். பழைய காசு கிடைத்தால் புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்த்துவிடுவது. பித்தளைக் குத்துவிளக்குக்கு அது சரி. காசுக்குச் சனியன்!

காசு சேர்ப்பவர்கள் பார்ப்பது அதன் மேலே காலம் ஏற்றிய நிறத்தை. தேய்த்த காசு என்று தெரிந்தால் விலை பாதியாகவும் இறங்கும், அதற்குக் கீழேயும் போகும். இந்தச் செலவு எந்த ரசீதிலும் வராது. ஆனால் எல்லாச் செலவிலும் பெரிய செலவு இதுவாகவே இருக்கும்.

இன்னொன்று, பழசு எல்லாம் அபூர்வம் அல்ல.

விக்டோரியா ராணியின் 1862 ரூபாய் லட்சக்கணக்கில் கிடைக்கிறது. எடை 11.66 கிராம். அதில் சுத்த வெள்ளி சுமார் 10.7 கிராம். அன்றைய வெள்ளி விலையை 10.7 ஆல் பெருக்கிப் பாருங்கள். எவ்வளவு மோசமான நிலையில் இருந்தாலும் அதற்கு அந்த விலை உண்டு. சாதாரண காசு ஒன்றுக்கு ஏலத்தில் கிடைப்பது, செலவு போக, அதைவிடப் பெரிதாக இருக்காது. அப்போது செவ்வாய்ப்பேட்டை கடைக்காரர் தராசில் போட்டுக் கொடுப்பதே மேல். கையோடு பணம்.

அபூர்வம் எது என்பதை ஆண்டுதான் சொல்லும். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் 1911 ரூபாயில், அவர் அங்கியில் இருந்த யானைப் படம் பன்றி மாதிரி இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பியது. வெளியே வந்தவை போக மீதியை அரசாங்கம் உருக்கிவிட்டது. 1912-ல் யானைக்குத் தும்பிக்கையைத் திருத்தி வெளியிட்டார்கள். 'பன்றி ரூபாய்' என்று பேர் வாங்கிய அந்தக் காசுக்கு, மற்ற ஜார்ஜ் காசைவிடக் கூடுதல் மவுசு. ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய் அதைவிட அபூர்வம். மறு வருடமே, 1940-ல், ரூபாயில் பாதி வெள்ளிதான் போட்டார்கள். 1947-ல் வெள்ளியே இல்லை, நிக்கல்.

1939 என்றதும் துள்ளிக் குதிக்க வேண்டாம். அந்த ஆண்டைப் போட்ட போலிகள் சந்தையில் உலா வருகின்றன.

போலி என்றால் இன்னொரு ரகம் உண்டு. ராமர் பட்டாபிஷேகம், அனுமார் படம் போட்டு, மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி பெயரும் '1818' என்ற ஆண்டும் போட்ட செப்புக் காசு. தமிழ்நாட்டில் ஊருக்கு ஒருவராவது இதைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்திருப்பார். அது கம்பெனி அடித்த காசே அல்ல. கோயில் வாசலில் விற்கும் டாலர் மாதிரி, பிற்காலத்தில் யாரோ அடித்தது. "அரிசியை இழுக்கும், கோடி ரூபாய்" என்று சொல்லி இதைக் காட்டித்தான் பல கும்பல்கள் பணம் பறித்திருக்கின்றன.

கிராமபோனிலும் அப்படியே. பளபளக்கும் பித்தளைக் குழாயோடு புதிதாகச் செய்து, நாய் படம் ஒட்டி, பழசு என்று விற்கிறார்கள். அதனால் நிஜமான பழைய கிராமபோன் வைத்திருப்பவர் பேச்சையும் வெளியூர்க்காரர் நம்புவது இல்லை.

வெளிநாட்டுக்கு அனுப்பலாமா?

"இங்கே என்ன விலை கொடுப்பான்? அமெரிக்காவில் போட்டால் டாலரில் கிடைக்கும்." இப்படி ஒரு பேச்சு.

ஆன்லைன் ஏலத்துக்குப் பேர்போன ஈபே நிறுவனம் 1995-ல் அமெரிக்காவில் ஆரம்பித்தது. அங்கே முதலில் விற்ற பொருள், உடைந்துபோன ஒரு லேசர் விளக்கு. விலை 14 டாலர் 83 சென்ட். நம் நாட்டில் பாஸி டாட் காம் என்று இருந்த ஏல நிறுவனத்தை 2004-ல் ஈபே வாங்கியது. பிறகு அது பிளிப்கார்ட் கைக்குப் போய், 2018 ஆகஸ்ட் 14-ந் தேதியோடு ஈபேயின் இந்தியத் தளம் மூடப்பட்டது.

அமெரிக்கத் தளத்தில் பெரும்பாலான பொருட்களுக்கு நூற்றுக்கு 13-க்கு மேல் பிடித்துக்கொள்கிறார்கள். அதிலும் வேடிக்கை, பொருளின் விலைக்கு மட்டும் அல்ல, வாங்குபவர் கொடுக்கும் தபால் செலவையும் சேர்த்த மொத்தத்துக்குப் பிடித்தம். அதாவது தபால் ஆபீசுக்குக் கட்டப் போகும் பணத்துக்கும் கமிஷன்! அதற்கு மேல் டாலரை ரூபாயாக மாற்றித் தரும் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.

அது போகட்டும். சட்டம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி விற்பவரிடம் யாரும் மூச்சு விடுவது இல்லை.

தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டம், 1972. நடைமுறைக்கு வந்தது 1976-ல். நூறு வருடம் ஆன நாணயம், சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள் எல்லாம் இதன்படி தொல்பொருள். மதிப்புள்ள கையெழுத்துச் சுவடி, ஆவணம் என்றால் 75 வருடமே போதும். இவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. மத்திய அரசோ, அது அனுமதித்த அமைப்போதான் அனுப்பலாம். மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று வருடம் வரை ஜெயில், அபராதமும் உண்டு.

விக்டோரியா ராணி ரூபாய் எல்லாமே நூறு வருடம் தாண்டியவை. பன்றி ரூபாயும் தாண்டிவிட்டது. 40 டாலருக்கு ஆசைப்பட்டு அதைக் கவரில் போட்டு அனுப்புகிறவருக்கு, தாம் செய்வது கடத்தல் என்று தெரியாது. தெரியாது என்று கோர்ட்டில் சொன்னால் எடுபடாது.

உள்நாட்டில் தொல்பொருள் விற்பதையே தொழிலாகச் செய்கிறவர் லைசென்ஸ் வாங்க வேண்டும். பொருள் பழசா இல்லையா என்று சந்தேகம் இருந்தால், இந்தியத் தொல்லியல் துறையிடம் 'இது தொல்பொருள் அல்ல' என்று சான்று வாங்க வழி உண்டு. அதன் சென்னை வட்ட அலுவலகம் ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது. ஏற்காட்டுக்காரருக்கு அந்தப் பயணமும் ஒரு செலவு.

மண்ணில் கிடைத்தது என்றால் அது வேறு சட்டம், 1878-ல் வெள்ளைக்காரன் போட்டது. புதையலாகக் கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாய் என்ற வரம்பு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. உரிமை கோரி யாரும் வராவிட்டால், எடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசாங்கமே எடுத்துக்கொண்டால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுக்க வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், ஒரு வருடம் வரை உள்ளேயும் போகலாம்.

காபிச் செடிக்குக் குழி தோண்டுகிறவர்களுக்கு இது விளையாட்டுப் பேச்சு அல்ல. சேர்வராயன் மலையில் வழவழப்பான கற்கோடரிகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் மனிதன் தேய்த்துச் செய்த ஆயுதங்கள் அவை. மலைவாசிகள் அவற்றை எடுத்து மரத்தடியிலும் சின்னச் சின்னப் பிள்ளையார் கோயில்களிலும் சாமியாக வைத்துக் கும்பிட்டார்கள்.

இதைக் கவனித்துச் சேகரித்தவர் ராபர்ட் புரூஸ் பூட். 1863-ல் பல்லாவரத்தில் ஆதிமனிதனின் கல்லாயுதத்தைக் கண்டெடுத்தவர். கடைசிக் காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தார். 1912-ல் இறந்தார். அவருடைய நினைவுச் சின்னம் இங்கே ஹோலி டிரினிட்டி சர்ச்சில் இருக்கிறது. சேர்த்ததை எல்லாம் உதிரி உதிரியாக விற்கவில்லை. மொத்தமாக 1904-ல் சென்னை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அவரும் விலைக்குத்தான் கொடுத்தார். ஆனால் இடையில் தரகர் இல்லை, பொருளும் கலையவில்லை. எழும்பூருக்குப் போகிறவர்கள் கேட்டுப் பார்க்கலாம்.

அந்த மாதிரிக் கல் ஒன்று இன்றைக்கு ஏல விளம்பரத்தில் வந்தால், அது எந்த மரத்தடியில் இருந்து வந்தது என்று வாங்குகிறவன் கேட்கப் போவது இல்லை.

மோசடி

இதுவரை சொன்னது எல்லாம் நிஜ ஏலம், நிஜச் செலவு. ஏலமே இல்லாமல் செலவு மட்டும் வைக்கும் கூட்டமும் இருக்கிறது.

"786 நம்பர் நோட்டு இருக்கா? வைஷ்ணவி தேவி படம் போட்ட காசு இருக்கா? லட்சக்கணக்கில் விலை!" என்று போனில் விளம்பரம் வரும். அந்த அம்மன் காசு 2012-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்டது. 5 ரூபாய், 10 ரூபாய் என்று டீக்கடைக் கல்லாவிலேயே கிடந்தது.

விளம்பரத்துக்குப் படம் அனுப்பினால் மறு நிமிடம் போன் வரும். "அண்ணே, உங்க காசுக்கு நாலு லட்சம் ஓகே ஆயிடுச்சு. ரிஜிஸ்ட்ரேஷன் 1,500 மட்டும் கட்டுங்க." கட்டினால் அடுத்து 'ஜி.எஸ்.டி.' 6 ஆயிரம். அதன் பிறகு 'ரிசர்வ் வங்கி அனுமதி' 14 ஆயிரம். முத்திரை வைத்த லெட்டரும் வரும். கட்டியதை விடக்கூடாது என்று மறுபடி மறுபடி கட்டுவார்கள். கடைசியில் போன் சுவிட்ச் ஆப். தொகை ஆளுக்கு ஆள் மாறும். பாட்டு ஒன்றுதான்.

2021 ஆகஸ்ட் 4-ந் தேதி ரிசர்வ் வங்கியே இதற்கு அறிவிப்பு வெளியிட்டது. பழைய நோட்டு, காசு விற்கும் வேலையில் தனக்குச் சம்பந்தம் இல்லை, கட்டணமோ கமிஷனோ தான் கேட்பது இல்லை, யாருக்கும் அந்த அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்று சொல்லிவிட்டது.

நிஜ ஏலக்காரர் தம் கமிஷனை விற்ற பணத்தில் கழித்துக்கொள்வார். விற்பதற்கு முன்னால் லட்சக் கணக்கு சொல்லி ஆயிரக் கணக்கில் வரி கேட்கிறவர் ஏலக்காரர் அல்ல.

இன்னொரு வகை, வாங்குகிறவன் வேஷம். "நான் மிலிட்டரி சார், கடிகாரம் பிடிச்சிருக்கு, அட்வான்ஸ் அனுப்புறேன், இந்த கட்டத்தை ஸ்கேன் பண்ணி ரகசிய நம்பரைப் போடுங்க" என்பான். போட்டால் பணம் வராது, போகும். பணம் வாங்குவதற்கு ரகசிய நம்பர் எப்போதுமே தேவை இல்லை. கொடுப்பதற்குத்தான் தேவை.

ஏமாந்தவர்களில் பலர் வெட்கப்பட்டு வெளியே சொல்வது இல்லை. 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்ய வேண்டும். சைபர் குற்றப் புகாருக்கான எண் அது. பணம் இன்னொரு கணக்குக்குத் தாவும் முன் தகவல் போனால், பேங்கில் அதை நிறுத்தி வைக்க வழி இருக்கிறது. போன் செய்யும்போது பணம் போன நேரம், தொகை, பேங்க் மெசேஜில் உள்ள பரிவர்த்தனை எண் மூன்றையும் கையில் வைத்திருக்க வேண்டும்.